கணினி ஒரு பகுபதம்

கணினியைப் பயன்படுத்தக் கற்பது வேறு. கணினியைக் கற்பது வேறு. நம் பாடசாலைகளிலே முன்னையது ஓரளவு நடைபெறுகின்றது. பின்னையது பெரும்பாலும் நடைபெறுவதில்லை. தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திலே உயர்ந்த சித்தி பெற்ற மாணாக்கன், தன் மேசைமேல் இருக்கும் பெட்டியின் பக்கத் தகட்டை ஒருமுறையேனும் கழற்றிப் பார்த்தவனல்லன். தாய்ப்பலகை என்று விடைத்தாளிலே பத்து முறை எழுதியிருப்பான், அதனைத் தொட்டறியான். இக்குறை நீங்குதற்கு வழி ஒன்று உண்டு. மாணாக்கர் தம் கையாலேயே ஒரு மேசைக் கணினியை உறுப்புறுப்பாகப் பொருத்தி இயக்கிப் பார்த்தல் வேண்டும் என்பது எமது துணிபு.

இலக்கணம் படிப்பிப்போனுக்குக் கணினிப் பெட்டிக்குள் என்ன அலுவல் என்று நகைப்பாரும் உளர். அவர்க்கு எமது விடை இது. சொற்களைப் பகுபதம், பகாப்பதம் என இருவகையாக்கினர் நம் இலக்கண நூலார். ‘நடந்தான்’ என்ற சொல்லைக் கேட்கும் சிறுவனும் அதன் பொருளை அறிவான். ஆனால், நட என்பது பகுதி, த் சந்தி, அது ந் ஆனது விகாரம், அடுத்த த் இறந்தகால இடைநிலை, ஆன் விகுதி என்று பிரித்துக் காண்பவனே, பிழைபட்ட சொல்லைத் திருத்தவும் புதுச்சொல்லை ஆக்கவும் வல்லனாவான். பிரித்தறியாதவன் கேட்டதைத் திருப்பிச் சொல்லுவான், அவ்வளவே. மேசைக் கணினியும் ஒரு பகுபதமே. பேழை, வலு வழங்கி, தாய்ப்பலகை, செயலி, அதன் குளிராக்கி, நினைவகம், சேமிப்புத் தட்டு, வேண்டுமாயின் வரைவியல் அட்டை என அதன் தலையாய உறுப்புகள் எட்டுக்கு மேற்படா. இவற்றை அறிந்தவனுக்கு அப்பெட்டி மாயப் பெட்டியன்று.

இவ்வாறு பிரித்துக் கூட்டும் இயல்பு தற்செயலாக வந்ததன்று. 1975 ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க மின்னியற் சஞ்சிகை ஒன்றன் அட்டையிலே தோன்றிய அல்ரெயர் 8800 என்னும் கணினி, வாங்குவோர் தாமே பற்றாசு வைத்துப் பொருத்தும் உறுப்புத் தொகுதியாக விற்கப்பட்டது. 1981 இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியைப் பிறர் செய்த உறுப்புகளைக் கொண்டே பெரும்பாலும் ஆக்கி, அதன் மின்சுற்று வரைபடங்களையும் நூலாக வெளியிட்டது. அதனால் அதற்கேற்ற உறுப்புகளை வேறு பலரும் செய்யத் தலைப்பட்டனர். 1995 இல் இன்ரெல் நிறுவனம் ஏ.ரி.எக்ஸ். என்னும் அளவுத்திட்டத்தை வகுத்தது. பலகையின் நீள அகலம், திருகாணித் துளைகளின் இடம், மின்னிணைப்பின் வடிவம் ஆகியன அதனால் வரையறைப்பட்டன. ஒருவர் செய்த பேழைக்குள் மற்றொருவர் செய்த பலகை இன்று பொருந்துவது இதனாலேதான். இஃது இயந்திரத்திற்கு எழுதிய இலக்கணம் அன்றோ!

சொற்கள் புணர்வதற்கு விதி இருப்பதுபோல உறுப்புகள் புணர்வதற்கும் விதி உண்டு. டி.டி.ஆர். 4, டி.டி.ஆர். 5 என்னும் இருவகை மேசைக் கணினி நினைவகத் துண்டுகளுக்கும் 288 தொடுமுனைகள் உள்ளன, நீளமும் ஒன்றே. ஆயினும், கீழ் விளிம்பில் உள்ள வெட்டு இரண்டிற்கும் வெவ்வேறிடத்தில் இருப்பதால், ஒன்றன் இடத்தில் மற்றொன்று அமராது. செயலியின் மூலையிலே ஒரு சிறு முக்கோணக் குறி காணப்படும். அதனைப் பலகையிலுள்ள குறியோடு ஒத்துவைத்தால் அது தன் எடையாலேயே இருப்பிடத்தில் அமரும். அமுக்கி இருத்த முயல்வோன் நுண்ணிய ஊசிகளை வளைத்துவிடுவான். நினைவகத்திற்கோ பெருவிரலின் அழுத்தம் வேண்டும். கொளுவி ‘கிளிக்’ என்று ஒலிக்கும்வரை விடலாகாது. எங்கே வலிமை வேண்டும், எங்கே மென்மை வேண்டும் என்பதை நூல் சொல்லலாம், விரல்தான் கற்கும்.

இன்னும் சில உள. பலகையை இரும்புத் தகட்டின்மேல் நேரே கிடத்தலாகாது. சிறு பித்தளைத் தாங்கிகளின் மேலே நிறுத்துதல் வேண்டும். அன்றேல் மின்சுற்றுக் குறுக்கிடும். உறுப்புகளைத் தொடுமுன் பேழையின் வெற்றுலோகத்தைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்னைப் போக்கிக்கொள்ளல் வேண்டும். செயலிக்கும் குளிராக்கிக்கும் இடையே வெப்பங் கடத்தும் பசை ஒரு பயறளவு போதும். வலு வழங்கியின் உட்புறத்தை மாத்திரம் ஒருபோதும் திறக்கலாகாது. 230 உவோற்று மின்னைப் பெறும் அதன் கொள்ளளவிகள், செருகியைக் கழற்றிய பின்னரும் மின்னேற்றத்தைத் தாங்கி நிற்கக்கூடும். தொடத்தக்கது இது, தொடத்தகாதது இது எனப் பிரித்தறிவதும் கல்வியின் பாற்பட்டதே.

யாவும் பொருத்தி ஆளியை அழுத்தும்போது, விசிறி சுழலும். திரையிலோ ஒன்றுந் தோன்றாது. முதன்முறை பொருத்துவோர் பலர்க்கு இது நிகழும். ஈண்டே உண்மையான பாடம் தொடங்குகின்றது. செயலிக்கெனத் தனியே வரும் மின்வடம் செருகப்பட்டதா? நினைவகம் இருபுறமும் நன்கு அமர்ந்ததா? வரைவியல் அட்டை இருக்கத் திரையின் வடத்தைப் பலகையிலே கொளுவினோமா? ஒருமுறைக்கு ஒன்றை மாத்திரம் மாற்றிப் பார்த்தல் வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் எது காரணம் என்பது விளங்காது. மனப்பாடத்தாற் பெற்ற சித்தி இங்கே உதவாது. தவறு என்பது தண்டனைக்குரிய குற்றமன்று, விடையுள்ள ஒரு வினா என்பதை மாணாக்கன் இங்கே தெளிகின்றான்.

இதற்கு மறுப்புரைப்பார் கூற்றையும் ஆராய்வாம். பட்டணத்துக் கடையிலே திருத்துநர் இருக்க, படிக்கும் பிள்ளை திருப்புளி பிடிப்பானேன் என்பர் சிலர். இவ்வினாவின் அடியிலே கிடப்பது பழைய நோயொன்று. கையால் வேலை செய்வோனைத் தாழ்வாகவும், நாற்காலியில் இருப்போனை உயர்வாகவும் மதிக்கும் நோய் அது. எத்தனையோ நல்ல தச்சரையும் கம்மியரையும் நாம் மதியாமல் இழந்தமைக்கு அதுவே காரணம். தாமே பொருத்தினாற் பணம் மிகவும் மிஞ்சும் என்பர் வேறு சிலர். அஃது எக்காலத்தும் உண்மையன்று; ஆயத்தமாக விற்கும் கணினி மலிவாகக் கிடைப்பதும் உண்டு. ஆனால், 2022 இல் டொலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த நாணய மாற்று விகிதம் சில மாதங்களுக்குள் 350 ரூபாவையும் கடந்ததை நாம் கண்டோம். அத்தகைய காலத்தில் முழுக் கணினியையும் புதிதாக வாங்குவோன் ஒருவன்; பழுதுற்ற ஓர் உறுப்பை மாத்திரம் மாற்றுவோன் மற்றொருவன். இவ்விருவருக்கும் உள்ள வேறுபாடு பணத்தால் வந்ததன்று, அறிவால் வந்தது.

நாமறிந்த பாடசாலை ஒன்றிலே, கணினி அறையின் மூலையில் மூன்று இயந்திரங்கள் துணி போர்த்துக் கிடந்தன. பழுதென்று எழுதி ஒட்டப்பட்டிருந்தது. உயர்தர வகுப்பு மாணவிகள் நால்வர் ஆசிரியரின் அனுமதியோடு அவற்றைத் திறந்தனர். ஒன்றில் நினைவகத்தின் தொடுமுனைகள் மங்கியிருந்தன. அழிறப்பரால் மெல்லத் துடைத்து மீண்டும் பொருத்த, அது உயிர் பெற்றது. மற்றொன்றின் வலு வழங்கி பழுது. மூன்றாவதன் தாய்ப்பலகை பழுது. மூன்றாவதன் வலு வழங்கியை இரண்டாவதற்கு மாற்றினர். இரண்டு கணினிகள் எழுந்தன. செலவு ஏதுமில்லை. பழுதென்று ஒட்டிய கடதாசியை அப்பிள்ளைகள் கிழித்தெறிந்தபோது அவர்கள் முகத்திலே தோன்றிய பெருமிதத்தை எந்தப் பரீட்சைப் பெறுபேறும் தந்திராது.

இதனால் தமிழுக்கு என்ன பயன் எனில், கூறுவாம். 1950 களிலும் 1960 களிலும் இந்நாட்டிலே விஞ்ஞானப் பாடங்களுக்குக் கலைச்சொற்கள் தொகுக்கப்பட்டன. அவற்றுள் அளவி, குழாயி, நியமிப்பு முதலியன இன்றும் வாழ்கின்றன. ஏன்? ஆய்வுகூடத்திலே மாணாக்கர் அளவியைக் கையிற் பிடித்தனர். பிடித்தபோது அதன் பெயரைச் சொல்லினர். அதற்கு முன்னரே, 19 ஆம் நூற்றாண்டில் மானிப்பாயிலே மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் உடலுறுப்புகளுக்குத் தமிழிலே பெயர் தேடியதும், அவற்றை அறிந்து தொழில் செய்வோர்க்காகவே. தாய்ப்பலகை, வன்தட்டு, தற்போக்கு அணுகல் நினைவகம் என்பன நம் பாடநூல்களிலே உள்ளன. ஆயினும், பொருளைத் தொடாத வாயிலே அவை பரீட்சைச் சொற்களாகவே இருந்து உலர்கின்றன. சொல் பொருளோடு கூடியே வாழும். நினைவகத்தை ஒருமுறை தன் கையாற் செருகியவனுக்கு அச்சொல் மறவாது. பெயர் நீண்டு இடர்ப்படுத்துமாயின், வேலை செய்யும் வாயே அதனைச் செதுக்கி எளிதாக்கிக்கொள்ளும்.

இக்காலத்து மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றாசு வைத்து ஒட்டப்பட்டே வருகின்றது. பகுபதத்தைப் பகாப்பதமாக்கி விற்கும் வாணிகம் இது. அது பெருகப் பெருக, திறந்து பார்க்கத்தக்க கணினியின் அருமை உயர்கின்றது. ஆதலின், பத்தாம் வகுப்பைக் கடக்கும் ஒவ்வொரு மாணாக்கனும் மாணாக்கியும் ஒருமுறையேனும் ஒரு கணினியைக் கழற்றிப் பொருத்த வகைசெய்தல் வேண்டும். அதற்குப் புதுக்கணினி வேண்டா. கழித்தொதுக்கிய பழையதொன்று போதும். செய்ததைத் தமிழிலே ஈரேடு எழுதச் செய்தல் வேண்டும். அவ்வேளையிலே தமிழாசிரியரும் அவ்வறைக்குள் செல்வாராக. அங்கே இலக்கண வகுப்பொன்று நடந்துகொண்டிருப்பதை அவர் காண்பார்.