குதிரைக்கு மாதக் கட்டணம் யார் கட்டுவது?

2024 அக்டோபர் 5ஆம் நாள் சிங்கப்பூர் கிராஞ்சியில் கடைசிக் குதிரைப் பந்தயம் நடந்தது. 1842இல் தொடங்கிய டர்ஃப் கிளப்பின் பந்தய வரலாறு அன்றோடு முடிந்தது. 1864இல் தோன்றிய பினாங்கு டர்ஃப் கிளப்பும் 2025இல் பந்தயத்தை நிறுத்திக்கொண்டது. சூதாட்டம்தானே, ஒழியட்டும் என்று பலர் சொன்னார்கள். அவர்களோடு எனக்கு வாதம் இல்லை. ஓடிய குதிரைகள் எங்கே போகும் என்பதுதான் என் கேள்வி.

பந்தயக் குதிரை பெரும்பாலும் பத்து வயதுக்கு முன்பே ஓட்டத்தை நிறுத்திவிடுகிறது. அதன் ஆயுளோ 25, 30 ஆண்டு. மீதிக் காலம் முழுவதும் யாராவது தீனி போட வேண்டும். பாவம் பார்த்து இலவசமாக வாங்கிக்கொள்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பயம்தான் வருகிறது. மாதச் செலவைக் கணக்குப் பார்க்காமல் வந்த இரக்கம் மூன்றாம் மாதமே வற்றிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

நான் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் 14 ஆண்டு வேலை செய்தவன். இப்போது உலு திராம் பக்கம் குதிரை லாயம் நடத்துகிறேன். பத்துக் குதிரைகள் நிற்கின்றன. ஒன்றுகூட என்னுடையது இல்லை. மாணவர் விடுதி மாதிரிதான். உரிமையாளர் மாதாமாதம் பணம் கட்டுவார். தீனி, இடம், பராமரிப்பு என் பொறுப்பு. வேலையை விட்டபோது, “சாணி அள்ளவா டிப்ளோமா படித்தாய்?” என்று உறவினர்கள் கேட்டார்கள். அந்த டிப்ளோமா இல்லாவிட்டால் லாயத்தை எப்போதோ மூடியிருப்பேன்.

கணக்கைப் பாருங்கள். 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ உலர்புல் வேண்டும். பத்துக் குதிரைக்கு மாதம் 3 டன். நம் வெயிலுக்கும் மழைக்கும் நல்ல உலர்புல் செய்வது கடினம்; நான் வாங்குவது கப்பலில் வருகிறது. ரிங்கிட் இறங்கினால் தீனி விலை ஏறும். கப்பல் தாமதமானால் ‘இன்றைக்கு வேறு ஏதாவது போடலாம்’ என்று சமாளிக்க முடியாது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தீனியைத் திடீரென மாற்றினால் வரும் வயிற்றுவலி உயிரையே பறிக்கலாம். குளம்பை 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை சீர்செய்ய வேண்டும். உரிமையாளர் பணம் கட்டாத மாதத்திலும் குதிரை சாப்பிடும். சரக்கு இருப்பு, முன்பதிவு, கடன் தவணை என்று தொழிற்சாலையில் கற்றதுதான் இங்கே என்னைக் காப்பாற்றுகிறது. ‘மனசுக்குப் பிடித்ததைச் செய்’ என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தப் பகுதியை ஏனோ சொல்வதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. குதிரை பார்ப்பவரை மலாயில் ‘சைஸ்’ என்பார்கள். மலாயாவில் அந்த வேலையை நம்மவர்கள் பலர் செய்திருக்கிறார்கள். தோட்டத்தில் பால் மரம் வெட்டியதைப் பெருமையோடு எழுதுகிற நாம், இதைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறோம். என் லாயத்தில் எழுபதை நெருங்கும் ஒரு பெரியவர் இருக்கிறார். வயிற்றில் காது வைத்துக் கேட்டே குடல் ஓட்டம் சரியில்லை என்று சொல்லிவிடுவார். மருத்துவர் வந்து ஸ்டெதாஸ்கோப் வைத்து அதையே சொல்வார். பெரியவரிடம் சான்றிதழ் எதுவும் கிடையாது. அவருக்குப் பிறகு இதை யாரிடம் கேட்பது?

குதிரைத் தொழிலில் ஆர்வமுள்ள மாணவர்களுக்கு என் கருத்து இது. அறிவியல் நன்றாக வந்தால் கால்நடை மருத்துவம் படியுங்கள்; செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டுப் படிப்பு இருக்கிறது. இல்லையென்றால் கணக்கியலோ வணிகமோ படியுங்கள். எதைப் படித்தாலும், ஒரு பள்ளி விடுமுறையில் ஏதாவது ஒரு லாயத்தில் நான்கு வாரம் வேலை கேளுங்கள். சவாரி செய்ய அல்ல. காலை ஆறு மணிக்குக் கொட்டடி கூட்டவும், ஒவ்வொரு குதிரையும் எத்தனை லிட்டர் தண்ணீர் குடித்தது என்று எழுதி வைக்கவும்.