சோதனைக்கு ஒரு மருந்து, சண்டைக்கு ஒரு மருந்து

ஏதோ ஒரு நாட்டில் சிறப்புப் படைக்குப் புதுத் துப்பாக்கி வாங்கியிருக்கிறார்கள் என்று பத்திரிகையில் செய்தி வந்துவிட்டால் போதும், நம்மில் சிலருக்குப் புல்லரித்துப் போகிறது. எடை என்ன, நிமிஷத்துக்கு எத்தனை குண்டு என்று மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். "அசகாய சூரர்களே கையில் எடுத்துவிட்டார்கள் ஐயா, இனி என்ன அத்தாட்சி வேண்டும்?" என்று என்னை மடக்கவும் பார்க்கிறார்கள். நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். துப்பாக்கி பிடித்தவன் அல்லன். ஆனாலும் சொல்லுகிறேன், அந்த அத்தாட்சியை நம்பித்தான் சாமானியச் சிப்பாய் செத்திருக்கிறான்.

அமெரிக்கர்களின் எம்.16 கதை தெரியுமோ? யூஜின் ஸ்டோனர் என்பவர் வடிவமைத்தது அது, முதலில் ஏ.ஆர்.15 என்று பெயர். 1962-ல் ஆயிரம் துப்பாக்கிகளைத் தென் வியத்நாமுக்கு அனுப்பிப் பரீட்சை பார்த்தார்கள். வந்த அறிக்கை ஒரே புகழ்மாலை. 1963 நவம்பரில் கோல்ட் கம்பெனிக்கு 1,04,000 துப்பாக்கிக்கு ஆர்டர் போயிற்று. அதில் தரைப்படையின் பங்கு 85,000. சிறப்புப் படை, பாராசூட் படை போன்ற பொறுக்கியெடுத்த பிரிவுகளுக்கு மட்டும், ஒரே தடவைதான் வாங்குவது என்று ஏற்பாடு.

புகழ்மாலை பொய் என்று நான் சொல்லவில்லை. மெய்தான். அதில்தான் வினையே இருக்கிறது. பொறுக்கியெடுத்த ஆள் ஆயுதத்தைக் கைக்குழந்தையைப் போலப் பேணுவான். அவன் கொடுக்கிற நற்சாட்சி அவனுடைய துப்பாக்கிக்கும், அவன் அன்று சுட்ட தோட்டாவுக்கும்தான் பொருந்தும். காரியாலயத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் நற்சாட்சியை மட்டும் வைத்துக்கொண்டு தோட்டாவை மாற்றினார்கள்!

விஷயம் இதுதான். குண்டு விநாடிக்கு 3,250 அடி வேகத்தில் பாயவேண்டும் என்று காகிதத்தில் எழுதிவிட்டார்கள். பழைய வெடிமருந்தை வைத்துக்கொண்டு, அனுமதித்த அழுத்தத்துக்குள், லட்சக்கணக்கில் அப்படித் தோட்டா செய்ய முடியவில்லை. எண்ணைச் சற்றுக் குறைத்திருக்கலாம். எழுதினது எழுதினதுதான் என்று 1964-ல் மருந்தை மாற்றினார்கள். புது மருந்து அதிகமாகக் கரி பிடித்தது. துப்பாக்கி இயங்கும் வேகத்தையும் கண்டபடி ஏற்றிவிட்டது. ஸ்டோனரிடம் அபிப்பிராயம் கேட்டார்களாம், முடிவு எடுத்த பிறகு! பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டு ஜாதகம் பார்க்கிற கதை.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. புது மருந்தைப் போட்டுச் சுட்டால் துப்பாக்கி ஆலைப் பரீட்சையில் தேறாது என்று கோல்ட் கம்பெனியார் முறையிட்டார்கள். அப்படியா, பரீட்சைக்குப் பழைய மருந்தையே போட்டுக்கொள்ளுங்கள் என்று உத்தரவாயிற்று. தேறிய துப்பாக்கி கப்பலேறிற்று. அங்கே அதற்குக் காத்திருந்தது புது மருந்து.

1965 கடைசியில் தளபதி வெஸ்ட்மோர்லண்ட் வியத்நாமில் உள்ள தமது படைக்கெல்லாம் இதுதான் வேண்டும் என்றார். ஒரே தடவை என்ற பேச்சு பறந்து போயிற்று. சிறப்புப் படைக்கென்று வந்தது பத்தொன்பது வயதுப் பையன்களின் கைக்குப் போயிற்று. சுத்தம் செய்யவே வேண்டாத துப்பாக்கி என்று ஒரு புரளி வேறு. சுத்தம் செய்யும் சாமானோ போதிய அளவு அனுப்பவில்லை. முந்திய எம்.14-க்கு இருந்த குரோமிய முலாம் இதன் வெடியறைக்கு இல்லை. வியத்நாமின் ஈரத்தில் அது அரித்தது. சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு உள்ளேயே இறுகிக்கொள்ளும். குழல் வாய்வழியே நீளக் கம்பியை விட்டுக் குத்தித் தள்ளவேண்டும், எதிரி வரும்வரை கம்பியை இரவல் கேட்டுக்கொண்டு.

1967-ல் கே சான் மலைகளில் நடந்த சண்டைக்குப் பிறகு ஒரு மரைன் வீரன் வீட்டுக்கு எழுதிய கடிதம் அமெரிக்கக் காங்கிரசில் வாசிக்கப்பட்டது. செத்துக் கிடந்தவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் பக்கத்தில் பிரித்துப் போட்ட துப்பாக்கி கிடந்தது என்று எழுதியிருந்தான். மேலிடம் என்ன சொல்லிற்று? சிப்பாய் சரியாகத் துடைக்கவில்லை!

அதே ஆண்டு அக்டோபரில் இகார்டு என்பவர் தலைமையிலான காங்கிரஸ் உபகமிட்டி, தோட்டாவின் குறையைத் தீர்க்காமல் விட்ட அதிகாரிகளின் அலட்சியம் கிரிமினல் குற்றத்தை எட்டிப் பிடிக்கிறது என்று எழுதிவைத்தது. பிற்பாடு முலாம் வந்தது, உள்ளே சில பாகங்கள் மாறின, துப்பாக்கி ஒழுங்காகச் சுட்டது. அதன் வம்சம் இன்றுவரை பட்டாளங்களில் இருக்கிறது. ஆகையால் துப்பாக்கியே மட்டம் என்று சொல்லித் தப்பிக்கவும் வழி கிடையாது.

சிப்பாய்களுக்குத் துடைக்கக் கற்றுக்கொடுக்க ஒரு சித்திரப் புத்தகமும் போட்டார்கள். படம் போட்டவர் சாமானியரல்லர், வில் ஐஸ்னர். ஓர் அழகி வந்து, துப்பாக்கியை எப்படிக் கழற்றுவது, எங்கே எண்ணெய் போடுவது என்று கொஞ்சிக் கொஞ்சிச் சொல்லுகிறாள். கலைஞனைக் குறை சொல்லமாட்டேன், நல்ல வேலைதான். முதல் ஆர்டர் போட்டது 1963-ல். புத்தகம் வந்தது 1968-ல்.