எத்தனை ஏக்கர்ல இந்த வண்டி?

கார்த்திகை மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஓட்டிப் பார்க்கச் சொல்லி, கார் ஷோரூம்காரர்கள் வண்டியைத் தோட்டத்துக்கே அனுப்பியிருந்தார்கள். வெள்ளைக் கலர், டர்போ பெட்ரோல் எஞ்சின், குடும்பமாகப் போக ஐந்து பேர் தாராளமாக உட்காரும் எஸ்யூவி. இட்டேரிச் சேறு சக்கரத்தில் அப்பியிருக்க, எங்கள் வேப்பமரத்தடியில் ஜம்மென்று நின்றது. அன்றைக்கென்று பார்த்து மூன்று இளைஞர்கள் தோட்டம் பார்க்க வந்திருந்தார்கள். வேலையை விட்டுவிட்டு இயற்கை விவசாயம் செய்யலாமா என்ற யோசனையில் இருப்பவர்கள். ஜீவாமிர்தத் தொட்டி, மஞ்சள் காடு, மாட்டுக் கொட்டகை எல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, அதில் ஒரு தம்பி காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மெதுவாகக் கேட்டார்: "சார், எத்தனை ஏக்கர்ல இந்த வண்டி?"

எனக்கு முதலில் புரியவில்லை. எத்தனை ஏக்கர் இயற்கை விவசாயம் செய்தால் இப்படி ஒரு கார் வாங்கலாம் என்று கேட்கிறார். "இது நம்ம வண்டி இல்லைங்க தம்பி, ஓட்டிப் பார்க்க வந்தது" என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை. அந்தப் பதிலை இங்கே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு நாலரை ஏக்கர். மஞ்சள், நிலக்கடலை, தென்னை, வீட்டுக்கும் உழவர் சந்தைக்குமாகக் கொஞ்சம் காய்கறி, இரண்டு மாடுகள். போன வருஷம் செலவெல்லாம் போகக் கையில் நின்றது 1,86,000 ரூபாய். எனக்கும் என் மனைவிக்கும் கூலி போடாமல் வந்த கணக்கு அது. போட்டால் எவ்வளவு மிஞ்சும் என்பதை நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். நான் காருக்கு ஆசைப்பட்டது வங்கி ஓய்வூதியத்தை நம்பி. தோட்டத்தை நம்பி இல்லை.

சரி, ஆசை எப்படி வந்தது? இப்போது இருக்கும் சின்னக் கார் 2011-ல் வாங்கியது. வருகிற வைகாசியோடு 15 வருஷம் முடிகிறது. ஆர்டிஓ ஆபீசில் காட்டி, பசுமை வரி கட்டி, பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பெங்களூரில் இருக்கும் மகன் ஆடி மாசமே ஆரம்பித்துவிட்டான். "அந்த டப்பாவுக்கு இன்னும் செலவு பண்ணாதீங்கப்பா. புதுசா, பெருசா ஒண்ணு எடுங்க. நாங்க வந்தா எல்லாரும் ஒண்ணாப் போலாம்." நான் காதில் வாங்கவில்லை. ஐப்பசியில் ஒரு மழை ராத்திரி, விடிகாலை நாலு மணி இருக்கும், என் மனைவிக்கு மூச்சு முட்டியது. காரை எடுக்கப் போனால் ஸ்டார்ட் ஆகவில்லை. நல்லவேளை, பால் சேகரிக்க வந்த வண்டி ரோட்டில் நின்றது. அதில் முன்சீட்டில் உட்கார வைத்து கோபிக்குக் கொண்டுபோனோம். ரத்த அழுத்தம் ஏறியிருந்ததாம். இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் அந்த அரை மணி நேரம், பால் கேன் சத்தத்துக்கு நடுவில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு போனது, இன்னும் எனக்குள் இருக்கிறது. அதற்கப்புறம் மகன் கேட்டபோது "சரி, பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டேன்.

ஷோரூமில் ஏசி, காபி, உபசரிப்பு. "சார், செப்டம்பர் 22-லேர்ந்து ஜிஎஸ்டி குறைஞ்சிருக்கு. இப்ப எடுத்தா உங்களுக்கு லாபம்" என்றார் விற்பனைக்காரத் தம்பி. குறைந்தது உண்மைதான். பெரிய கார்களுக்கு 28 சதவீதமும் அதற்கு மேல் செஸ்ஸும் இருந்ததை இப்போது 40 சதவீதமாக்கிவிட்டார்கள். பதினெட்டு லட்சம் செலவு செய்தால் லாபம் என்பதை வங்கியில் 34 வருஷம் இருந்தும் நான் கேள்விப்பட்டதில்லை.

கணக்குப் போடுவது பழகிப்போன வியாதி. அன்றிரவே போட்டேன். ஷோரூம் விலை 15 லட்சம். நம் மாநிலத்தில் 10 முதல் 20 லட்சம் வரையுள்ள காருக்குச் சாலை வரி 18 சதவீதம், 2,70,000. அந்தப் பணம் வண்டியை விற்கும்போது திரும்பி வராது. காப்பீடு, இதர செலவு சேர்த்து ரோட்டுக்கு வரும்போது 18.5 லட்சம். 6.5 லட்சம் கையிலிருந்து போட்டு, 12 லட்சத்தை 9 சதவீத வட்டியில் 7 வருஷத்துக்குக் கடனாக எடுத்தால், மாசத் தவணை 19,307. வட்டி மட்டும் 4.22 லட்சம். ஏழு வருஷம் கழித்து வண்டியை ஆறு லட்சத்துக்கு விற்றோம் என்று வைத்துக்கொண்டாலும், நின்ற இடத்திலேயே மாசம் சுமார் 20,000 கரைகிறது. வருஷம் 12,000 கிலோமீட்டர் ஓட்டினால், நம்ம ரோட்டுக்கு லிட்டருக்கு 12 கொடுத்தால் பெரிது, பெட்ரோல் மாசம் 8,400. காப்பீடு, சர்வீஸ், டயர் என்று ஒரு 4,000. ஆக மாசம் 32,000-க்கு மேல். வருஷத்துக்கு 3.88 லட்சம். என் தோட்டம் இரண்டு வருஷம் பாடுபட்டுக் கொடுப்பதை அந்த வண்டி ஒரே வருஷத்தில் தின்னும்.

அந்தத் தம்பிக்கு இதுதான் பதில். நாலரை ஏக்கர் போதாது. ஒன்பது ஏக்கர் வேண்டும். அதுவும் வீட்டில் யாரும் சாப்பிடாமல் இருந்தால்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். விவசாயி கார் வாங்கக் கூடாது என்று சொல்கிற கூட்டத்தில் நான் இல்லை. டவுன்காரர் மூன்று கார் வைத்திருந்தால் யாரும் கேட்பதில்லை, வேட்டி கட்டியவர் காரை விட்டு இறங்கினால் மட்டும் "விவசாயத்துல அவ்வளவு வருமானமா?" என்று சிரிப்பார்கள். நம்மவர்கள் சொகுசாகப் போகட்டும், நன்றாகப் போகட்டும். என் கவலை வேறு. நம் இயக்கத்தில் பல தோட்டங்கள் ஓய்வூதியத்திலும், பிள்ளைகள் அனுப்பும் பணத்திலும், டவுனில் இருக்கும் வாடகை வீட்டிலும் முட்டுக்கொடுத்து நிற்கின்றன. என் தோட்டமும் அப்படித்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; ஆனால் மறைத்தால் தப்பு. வேப்பமரத்தடியில் 18 லட்சம் வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு பயிற்சி வகுப்பு எடுத்தால், வருகிற பிள்ளைகள் ஜீவாமிர்தத்தில் முளைத்த கார் என்றுதான் நினைப்பார்கள். நான் வாயைத் திறக்காமலேயே ஒரு பொய் சொன்னதாகிவிடும். அதை நம்பி ஒருவர் வேலையை விட்டுவிட்டு வந்தால்?

இப்படி நம்பி விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். 2010 கடைசியில் ஈரோட்டில் மஞ்சள் குவிண்டால் 16,000-ஐத் தாண்டியது. அப்போது நான் கிளை மேலாளர். மஞ்சள் விற்ற பணத்தை முன்பணமாகக் கொண்டுவந்து, பெரிய பெரிய வண்டிக்குக் கடன் கேட்டு வந்தார்கள். எனக்கு மேலிடத்தில் இலக்கு. அவர்களுக்கு அடுத்த வருஷமும் இதே விலை வரும் என்ற நம்பிக்கை. நானும் கையெழுத்துப் போட்டேன், சந்தோஷமாகவே போட்டேன். 2012-ல் விலை 4,000 பக்கம் வந்து நின்றது. தவணை மட்டும் அதே இடத்தில் நின்றது. சிலர் வண்டியைக் கிடைத்த விலைக்கு விற்றார்கள். ஒருவர் வண்டியைக் காப்பாற்ற அரை ஏக்கர் கொடுத்தார். பிறகு வண்டியும் போனது. அவரை இன்றும் சந்தையில் பார்க்கிறேன். "நல்லா இருக்கீங்களா சார்?" என்று அன்பாகத்தான் கேட்பார். எனக்குத்தான் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

பயிர்க்கடன் மூன்று லட்சம் வேண்டுமென்றால் சிட்டா, அடங்கல் எல்லாம் கொண்டு போக வேண்டும். உரிய தேதியில் கட்டினால் 4 சதவீத வட்டிதான், ஆனால் அலைச்சல். கார் கடன் 12 லட்சத்துக்குச் செல்போனிலேயே அரை மணியில் ஒப்புதல் வந்துவிட்டது. இப்போது மறுபடியும் மஞ்சளுக்கு விலை வந்திருக்கிறது. அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

டர்போ பற்றியும் ஒரு வார்த்தை. பக்கத்துத் தோட்டத்துத் தம்பி மெக்கானிக்கல் படித்தவர். அவரிடம் விளக்கம் கேட்டேன். சாதாரண எஞ்சின் தனக்கு வேண்டிய காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும். டர்போவில், வெளியே போகிற சூடான புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலே. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கிறது. காற்று கூடினால் எரியும் பெட்ரோல் கூடும், இழுவை கூடும். "அப்படின்னா இது யூரியா போட்ட பயிருங்க தம்பி!" என்றேன் பெருமையாக. அவர் சிரித்தார். "இல்லைங்கய்யா. வீணாப் போற புகையை மறுபடி வேலைக்கு எடுத்துக்குது. நீங்க சாணியையும் சருகையும் மக்க வைக்கிற மாதிரிதானுங்க." நான் தோற்றுப் போனேன். நல்ல யோசனைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த இழுவையெல்லாம் நாலுவழிச் சாலையில் லாரியை முந்தும்போது வேண்டியது. என் வண்டி பாதி நேரம் இட்டேரியில் 20 கிலோமீட்டர் வேகத்தில் உருளுகிறது. அதோடு, டர்போவுக்குச் சொன்ன எண்ணெயைச் சொன்ன நேரத்தில் மாற்றியாக வேண்டும். பவானிக் கால்வாய்த் தண்ணீர் முறை வந்தால் எனக்குச் சோறே நேரத்துக்கு இல்லை.

பெட்ரோலிலும் ஒரு சமாச்சாரம் இருக்கிறது. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. நான் சொன்ன கணக்குப்படி வருஷத்துக்கு 1,000 லிட்டர் பெட்ரோல் என்றால், அதில் 200 லிட்டர் எத்தனால். ஒரு டன் மக்காச்சோளத்தில் ஏறக்குறைய 380 லிட்டர் எடுக்கலாம். அப்படியானால் அரை டன்னுக்கு மேல் மக்காச்சோளம். அரிசியிலிருந்து எடுத்தால் சுமார் 440 கிலோ. எங்கள் இருவருக்கும் இரண்டு வருஷத்துக்கு மேல் வரும். கரும்பிலிருந்து வந்தால் கணக்கு மாறும், தெரியும். இருந்தாலும், 2018-ல் படைப்புழு வந்த பிறகு மக்காச்சோளக் காட்டில் எத்தனை தடவை மருந்து அடிக்கிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும். நஞ்சில்லாத சோறு என்று ஊர் ஊராய்ப் பேசுகிறவன் டேங்கில் அது ஓடுகிறது. கார் வைத்திருக்கும் யாரும் இதிலிருந்து தப்ப முடியாது, நானும்தான். அளவைக் குறைக்கலாம், அவ்வளவே.

ஆவணியிலிருந்து மூன்று மாசம் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். மகன் பேச்சை எடுத்ததும் ஆரம்பித்தது. பழைய கார் வெளியே போனது 38 நாள். அதில் 31 நாள் நான் ஒருத்தன், இல்லை நாங்கள் இரண்டு பேர். 22 நாள் பின்சீட்டில் புண்ணாக்கு மூட்டை, தேங்காய், காய்கறிக் கூடை. ஐந்து பேராகப் போனது இரண்டே நாள், பேரப்பிள்ளைகள் வந்தபோது. யாராவது வண்டி வாங்க யோசித்தால், முதலில் இப்படி ஒரு நோட்டுப் போடுங்கள். ஷோரூமுக்குப் பிறகு போகலாம்.

அந்த நோட்டையும் கணக்கையும் மனைவியிடம் காட்டினேன். அந்த ராத்திரியை நினைத்து எனக்கு மனசு கேட்கவில்லை என்றும் சொன்னேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார்: "ஏனுங்க, அன்னைக்கு வண்டி எடுக்காதது பேட்டரி செத்துப் போனதுனால. வண்டி சின்னதுங்கிறதுனால இல்லைங்க. ரெண்டு மாசமா மாத்துங்கன்னு நான் சொல்லிட்டேதானே இருந்தேன்?"

சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

பாதுகாப்பு என்று மகன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. எங்கள் பழைய வண்டியில் ஏர்பேக் கிடையாது. 2022-லிருந்து விற்ற எல்லாப் புதுக் கார்களிலும் முன்சீட்டு இரண்டுக்கும் ஏர்பேக் கட்டாயம். ஆகவே, மூன்று நாலு வருஷம் ஓடிய, டர்போ இல்லாத சின்னக் கார் ஒன்றைக் கையில் இருக்கும் ஐந்து லட்சத்துக்குள் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கடன் கிடையாது. முதல் ஆள் தேய்த்த தேய்மானம் அவரோடு போகட்டும். மூட்டை முடிச்சுக்கு ஊரில் இருக்கும் குட்டியானையை வாடகைக்குச் சொல்லிக்கொள்வது. மகனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். "உங்க இஷ்டம்ப்பா" என்று போனை வைத்துவிட்டான்.

பொங்கலுக்கு எல்லோரும் வருகிறார்கள். இரண்டு நாளைக்கு ஏழு பேர் உட்காரும் வாடகை வண்டி சொல்லியாகிவிட்டது. பழைய காருக்குப் புது பேட்டரி போட்டேன், 4,800 ரூபாய். அந்தத் தம்பிகளின் செல் நம்பர் இருக்கிறது. போன வருஷ வரவு செலவு நோட்டைப் போட்டோ எடுத்து மூன்று பேருக்கும் அனுப்பி வைத்திருக்கிறேன்.