இடுப்பு வலியைப் போனிடம் மட்டும் விடலாமா?

தெஹியோவிட்டப் பகுதித் தோட்டங்களில் டிஸ்க் விலகல் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பப்பட்டவர்கள், பிள்ளைகளின் போனில் வீடியோ பார்த்து லயத்துக் காம்பராவில் பாய் விரித்து உடற்பயிற்சி செய்கிறார்கள். கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் பேரும் பஸ் காசும் போகிறது. ஆகவே இதை நாம் குறை சொல்லவில்லை.

“மலை ஏறி இறங்கும் உடம்புக்கு எதற்கு உடற்பயிற்சி?” என்று நம்மவர்களே கேட்கிறார்கள். இறப்பர் மரத்தில் வெட்டு கீழே இறங்க இறங்க நாமும் குனிகிறோம். குனிந்தபடியே அடுத்த மரம், பிறகு பால் வாளி, கொழுந்துச் சாக்கு. இது முதுகைத் தேய்க்கும் வேலை. பலப்படுத்தும் பயிற்சி அல்ல. நாட்பட்ட இடுப்பு வலிக்கு உடற்பயிற்சி நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டல் சொல்கிறது. நம்மில் பலர் காசு கொடுத்து வாங்கும் இடுப்புப் பெல்ட்டை அது வழமையான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை.

ஆனால் வீடியோவில் பேசுகிறவர் நம் முதுகைப் பார்த்தவர் அல்ல. ஒருவருக்குச் சுகம் தரும் பயிற்சி இன்னொருவருக்கு வலியைக் கூட்டலாம். ஒரு தடவையாவது பிசியோதெரபிஸ்டிடம் காட்டி, நமக்குரிய பயிற்சி எதுவென்று கேட்டுக்கொள்வோம். பயிற்சியின்போது வலி காலுக்கு இறங்கினால் நிறுத்த வேண்டும். கால் பலமிழந்தால், மறைவிடம் மரத்துப்போனால், சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

காலையில் பத்து நிமிடம் பயிற்சி செய்துவிட்டு நாள் முழுவதும் அதே சுமையைத் தூக்கினால் என்ன பயன்? ஓர் ஆண் தொழிலாளி கையால் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக் கூடாது, பெண்களுக்கு அதைவிடக் கணிசமாகக் குறைய வேண்டும் என்று சர்வதேச தொழில் அமைப்பு 1967இலேயே பரிந்துரைத்தது. அந்த 55 கிலோவும் நல்ல முதுகுக்குத்தான். டிஸ்க் விலகியவருக்கு அல்ல.

ஆகவே நிர்வாகங்களிடம் நாம் கேட்பது மூன்று. கொழுந்து நிறுக்கும் இடமும் பால் சேர்க்கும் இடமும் மலைக்குக் கிட்ட வர வேண்டும். வைத்தியர் கடிதம் தந்தவருக்கு முழுப் பேருடன் இலகு வேலை தர வேண்டும். மாதம் ஒரு நாளாவது பிசியோதெரபிஸ்ட் தோட்ட டிஸ்பென்சரிக்கு வர ஏற்பாடு செய்ய வேண்டும்.

வேலையில் விழுந்தோ சுமை தூக்கியோ முதுகு அடிபட்டால், அன்றே அறிவித்து எழுத்தில் பதியச் சொல்லுங்கள். 1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கோரும்போது அந்தப் பதிவு கைகொடுக்கும். “பழைய வலிதானே” என்று பேசாமல் இருந்தால், பிறகு நிர்வாகமும் அதையே சொல்லும்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் தலைவர்களும் மாதர் தலைவிகளும் இந்த மூன்றையும் முன்வைக்க வேண்டும்.