சாந்து சுமந்தவர்களுக்கு ஒரு பலகை

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,
இந்திய உயராய்வு நிறுவனம், சிம்லா.

சென்னை உயர் நீதிமன்றத்தைத் தினமும் பஸ்ஸில் கடந்து போகிறவன் நான். அந்தச் சிவப்புக் கட்டடத்துக்கும் உங்கள் மலையுச்சி மாளிகைக்கும் உறவுண்டு. இரண்டையும் கட்டியதில் கட்டடக் கலைஞர் ஹென்றி இர்வினுக்குப் பங்குண்டு. சிம்லாவில் சாம்பல் கல்லை அடுக்கிப் பழைய பிரிட்டிஷ் கோட்டை போல எழுப்பிய அதே மனிதர், இங்கே வந்ததும் குவிமாடமும் மினாரும் என்று இறங்கிவிட்டார்!

உங்கள் குன்றைத் தேர்ந்தவர் வைஸ்ராய் லிட்டன் பிரபு. மாளிகையைக் கட்டிக் குடியேறியவர் பின்னால் வந்த வைஸ்ராய் டஃபரின் பிரபு. 1888 ஜூலையில், நம் பேச்சில் சொன்னால், பால் காய்ச்சினார்கள். டிசம்பரில் அவருடைய பதவிக்காலமே முடிந்துவிட்டது. வீட்டைக் கட்டிப்பார் என்று சும்மாவா சொன்னார்கள்?

1945 ஜூன் 25 அன்று வைஸ்ராய் வேவல் பிரபு அங்கே கூட்டிய மாநாட்டில் ஆசாத்தும் ஜின்னாவும் உட்கார்ந்தார்கள். நம் ராஜாஜியும் இருந்தார். வைஸ்ராயின் நிர்வாக சபைக்கு முஸ்லிம் உறுப்பினர்களை முஸ்லிம் லீக் மட்டுமே நியமிக்க வேண்டும் என்று ஜின்னா பிடிவாதமாக நிற்க, ஜூலை 14-இல் பேச்சு முறிந்தது. சுதந்திரத்துக்குப் பின் குடியரசுத் தலைவரின் மாளிகையாக இருந்ததைப் படிப்பாளிகளுக்கு விட்டுக்கொடுத்தவர் திருத்தணிக்காரரான ராதாகிருஷ்ணன். 1965 அக்டோபர் 20-இல் உங்கள் நிறுவனத்தைத் திறந்துவைத்தவரும் அவர்தான். இதெல்லாம் எல்லோரும் சொல்லும் கதை. நான் எழுத வந்தது வேறு.

கால்கா–சிம்லா ரயில் 1903-இல்தான் ஓடத் தொடங்கியது. மாளிகை எழுந்தபோது தண்டவாளமே கிடையாது. பர்மா தேக்கும் இரும்பும் அத்தனை வளைவுகளையும் கடந்து வண்டியிலும் விலங்குகளின் முதுகிலும் ஆள் தோளிலும்தான் ஏறியிருக்க வேண்டும். மேலே வந்து சேர்ந்த பிறகு அங்கே வேலை செய்தவர்களைப் பற்றி நமக்கு ஒரு சாட்சி கிடைக்கிறது. சாட்சி சொல்பவர் வீட்டுக்கார அம்மாளே. கட்டுமானத்தைப் பார்க்கப் போன டஃபரின் சீமாட்டி, சாந்து சுமந்த இளம்பெண்களைப் பற்றித் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். இறுக்கமான பருத்திக் கால்சட்டை, கழுத்தில் மாலைகள், காதணிகள். தரையில் நடப்பது போலவே கூரை மேலும் அலட்டிக்கொள்ளாமல் நடந்தார்களாம், மகாராணிகளைப் போல. அவருக்கு அது வேடிக்கைக் காட்சி. கூலி எவ்வளவு, கால் தவறினால் என்ன ஆகும் என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஒருத்தியின் பெயரைக்கூடக் கேட்டு எழுதவில்லை.

என் விண்ணப்பம் சின்னது. மேல்தளத்து மரக்கூரைக்குத் தீப்பிடித்தால் மெழுகு உருகித் தானே தண்ணீர் கொட்டும்படி அந்தக் காலத்திலேயே குழாய் அமைத்தார்கள் என்பதைப் பெருமையோடு சொல்கிறோம். அதே மூச்சில் இந்தப் பெண்களைப் பற்றியும் சொல்லுங்கள். ஒரு பலகை வையுங்கள். இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். அந்த மலைக்காரர்கள் வீட்டில் பேசும் பஹாடியிலும் இருக்கட்டும்.

வாசற்கூடத்துத் தேக்குப் பலகைகளுக்கு நடுவே வேண்டாம். வெளியே புல்வெளி ஓரமாக வையுங்கள். கூரை அங்கிருந்துதான் தெரியும்.

இப்படிக்கு,
பாரிமுனைப் பக்கத்து வாசகன் ஒருவன்