பின்சக்கரத்து டிரம் செய்த பாவம் என்ன?

இங்கிலாந்தில் தம் வீட்டுக் கொட்டகையிலேயே கார் கட்டிக்கொள்ளும் மனிதர்களின் ஒரு சிறுகுலம் உண்டு. அவர்களுடைய மூலப்பிரதி 1957இல் கொலின் சாப்மன் உருவாக்கிய லோட்டஸ் செவன். கதவில்லை, கூரை பெயரளவுக்கு. அதன் உரிமை 1973இல் கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது. 1996இல் ரான் சாம்பியன் என்பவர் 250 பவுண்டுச் செலவில் அதுபோன்றதொரு காரை நீங்களே கட்டலாம் என்று ஒரு புத்தகம் எழுதினார். சதுரக் குழாய்களை வெட்டிப் பற்றவைத்துச் சட்டம் செய்துகொள்ள வேண்டும். எஞ்சின், அச்சு, பிரேக் எல்லாம் ஒரு பழைய ஃபோர்ட் எஸ்கார்ட்டிலிருந்து கழற்றிக்கொள்ள வேண்டும். 'லோகாஸ்ட்' என்ற செல்லப்பெயர் இப்படித்தான் பிறந்தது. ஒரு நல்ல புனைகதையைவிட ஆர்வத்துடன் வாசிக்கத்தக்க நூல் அது. சிக்கனம் ஓர் அழகியலாக மாறுவதை அதில் காணலாம்.

அந்த எஸ்கார்ட்டுக்கு முன்னே டிஸ்க், பின்னே டிரம். கட்டி முடித்தவர்களுக்கு, பல வேளைகளில் கட்டி முடிக்கும் முன்பே, ஓர் ஆசை வந்துவிடுகிறது: பின்னேயும் டிஸ்க் போட்டால் என்ன? பெரும்பாலும் இது வீண் வேலை, சில வேளைகளில் ஆபத்தான வேலை என்பதே என் கருத்து.

டிரம் பழையது, டிஸ்க் புதியது என்ற எண்ணமே முதலில் தவறு. லூயி ரெனோவின் டிரம்மும், பிரெடரிக் லாஞ்செஸ்டர் காப்புரிமை பெற்ற டிஸ்க்கும் ஒரே ஆண்டின், 1902இன், குழந்தைகள். டிஸ்க்குக்குப் புகழ் வந்தது 1953இல், ஜாகுவார் சி-டைப் லெ மான் பந்தயத்தை வென்றபோது. இருபத்துநான்கு மணிநேரமும் மீண்டும் மீண்டும் அதிவேகத்திலிருந்து பிரேக் பிடிக்கும் வண்டிக்கு வெப்பத்தை உடனே வெளியேற்றும் அமைப்பு தேவை. மூடிய டிரம்முக்குள் வெப்பம் தங்கும்; தங்கினால் பிடிமானம் தளரும். இதில் ஐயமில்லை.

ஆனால் லோகாஸ்ட்டின் கதை வேறு. 900 கிலோ வண்டி மணிக்கு 100 கிலோமீட்டரில் ஓடும்போது அதனிடம் ஏறக்குறைய 347 கிலோஜூல் ஆற்றல் இருக்கும். 600 கிலோ வண்டியிடம் 231தான். அதிலும் பெரும்பங்கை முன்சக்கரத்து டிஸ்க்குகளே விழுங்கிவிடுகின்றன. தன்னைவிடக் கனமான சலூன் காரை நிறுத்துவதற்கென்று செய்யப்பட்ட டிரம், இந்தத் தகரத் தும்பியிடம் வெப்பத்தால் தளர்வது எளிதன்று.

டிஸ்க் கட்சியினரின் வாதங்களுள் வலுவானது ஒன்றே. அதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னோக்கிச் சாயும். எவ்வளவு சாயும் என்பது ஈர்ப்பு மையத்தின் உயரத்தைப் பொறுத்தது. மையம் 40 சென்டிமீட்டர் உயரத்திலும், சக்கரங்களுக்கிடை நீளம் 2.25 மீட்டராகவும், எடை இருபுறமும் சமமாகவும் உள்ள 600 கிலோ வண்டியை எடுத்துக்கொள்வோம். புவியீர்ப்பில் 0.8 மடங்கு வேகத்தணிப்பில் சுமார் 85 கிலோ முன்னே போகும். பின்சக்கரங்களில் 215 மிஞ்சும், அதாவது 36 விழுக்காடு. உயரமான, முன்பாரம் கூடிய சலூனில் இது 30க்குக் கீழே இறங்கக்கூடும். ஆகவே இந்தத் தாழ்ந்த வண்டியின் பின்பிரேக் கொஞ்சம் கூடுதலாகவே உழைக்கலாம். உண்மைதான். ஆனால் அது பங்கீட்டைப் பற்றிய கேள்வி. டிரம்மா டிஸ்க்கா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. சற்றுப் பெரிய துளையுள்ள வீல் சிலிண்டரை மாட்டினால் தீர்ந்தது.

மாறாக, டிஸ்க்குக்கு மாறியவர் என்னென்ன சிக்கல்களை விலைகொடுத்து வாங்குகிறார் என்று பாருங்கள். டிரம்மில் சுழற்சியே முன்னணி ஷூவைத் தன்பால் இழுத்து அழுத்தத்தைப் பெருக்கிக்கொள்ளும். டிஸ்க்குக்கு அந்த உதவி இல்லை. எனவே பெரிய பிஸ்டன் கொண்ட காலிப்பர் தேவைப்படும். பெரிய பிஸ்டன் அதிக எண்ணெய் குடிக்கும், பெடல் ஆழமாக இறங்கும். அதைச் சரிசெய்யப் பெரிய மாஸ்டர் சிலிண்டர். இப்போது பெடல் கல்லாய்க் கனக்கும்; இந்த வண்டிகள் பெரும்பாலானவற்றில் சர்வோ உதவியும் கிடையாது. பழைய மாஸ்டர் சிலிண்டரில் டிரம்முக்கென எஞ்சழுத்தத்தைத் தேக்கும் வால்வு இருந்தால், அதை அகற்றாதவரை பேடுகள் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். பிறகு கை பிரேக். டிரம்மில் அது ஒரு கம்பியும் நெம்புகோலும்தான். டிஸ்க்கிலோ அதற்கென்றே பொறியமைப்புள்ள காலிப்பர் வேண்டும், அது கனமானது, துருப்பிடித்து இறுகக்கூடியது. எடை குறைக்கப் புறப்பட்டவர் சக்கரத்தோடு எடையைச் சேர்த்துவிட்டு வருகிறார்.

இவற்றையெல்லாம் எரிச்சல்கள் என்று ஒதுக்கலாம். ஒதுக்க முடியாதது ஒன்று உண்டு. முன்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி திரும்பாது, ஆனால் நேராகவேனும் போகும். பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டால் பக்கவாட்டுப் பிடிப்பு போய், வால் முன்னே வந்துவிடும். மழை ஈரத்தில், வளைவில், ஏபிஎஸ் இல்லாத வண்டியில் அதைத் திருத்திக்கொள்ள ஒரு நொடிகூடக் கிடைப்பதில்லை. பழைய கார் வைத்திருந்த சமன்பாட்டைக் கலைத்துவிட்டு, ஏதோவொரு வண்டியின் காலிப்பரை அது பொருந்துகிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பூட்டுவது இந்த இடத்தில்தான் விபரீதமாகிறது. பிரிட்டனில் 2009 முதல் நடப்பிலுள்ள தனிவண்டி ஒப்புதல் சோதனை, பின்சக்கரங்கள் முந்திப் பூட்டிக்கொள்வதை அனுமதிப்பதில்லை. ஆனால் சோதனை முடிந்து பல ஆண்டுகள் கழித்து நடக்கும் மாற்றத்தை அந்த அதிகாரி வந்து பார்க்கப்போவதில்லை.

விதிவிலக்குகள் உண்டு. மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற காரை உடைத்துக் கட்டுகிறவருக்கு நான்கு டிஸ்க்கும், பொருத்தமான கை பிரேக்கும், மாஸ்டர் சிலிண்டரும் ஒரு குடும்பமாகவே வந்துசேர்கின்றன. அவற்றைப் பிரிக்காமல் வைத்துக்கொள்வதே முறை. பந்தயத்தடத்தில் நாள்முழுதும் ஓட்டுபவருக்கும் என் வாதம் பொருந்தாது. மற்றவர்களில் பலர் மாற்றுவது, உள்ளதைச் சொன்னால், அலாய் சக்கரத்தின் இடுக்கு வழியே பளபளப்பு தெரியவேண்டும் என்பதற்காக. (நம் கவிஞர்கள் சிலர் படிமம் சேர்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான், போகட்டும்.) அந்தக் கூச்சமும் இனித் தேவையில்லை. 2020இல் விற்பனைக்கு வந்த ஃபோக்ஸ்வாகன் ஐடி.3 மின்காருக்குப் பின்னே டிரம்தான். மோட்டாரே பெரும்பாலும் வேகத்தைத் தணித்துவிடுவதால், அரிதாகப் பயன்படும் பின்பிரேக் துருவேறாமல் மூடிக்கிடப்பதே மேல் என்று அதன் பொறியாளர்கள் முடிவுசெய்தார்கள்.

டிஸ்க்குக்கென எடுத்துவைத்த பணம் கையில் இருந்தால், புதிய வீல் சிலிண்டர்கள், நல்ல லைனிங், புதிய குழாய்கள் வாங்குங்கள். ஷூக்களைச் சரியான இடைவெளிக்குத் திருகி வையுங்கள். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுங்கள். அப்படியும் பணம் மிஞ்சும். அதில் நல்ல டயர் வாங்கலாம்.