கூண்டுக்குள்ளே ஒரு கடல் நுரை

விளாத்திகுளத்தில் பல வீட்டு வாசலில் லவ் பேர்ட்ஸ் கூண்டு தொங்குது. என்ன சாப்பாடு வைக்கிறீங்கன்னு கேட்டால் "தினையும் தண்ணியும்" என்பார்கள். அது மட்டும் பத்தாது என்பதே என் கருத்து.

100 கிராம் தினையில் சுண்ணாம்புச் சத்து சுமார் 30 மில்லிகிராம்தான். பாஸ்பரஸோ 290 மில்லிகிராம் இருக்கு. பறவைக்குச் சுண்ணாம்புச் சத்துதான் கூடுதலாக வேண்டும். முட்டை ஓடே பெரும்பாலும் சுண்ணாம்புதானே! சத்து குறைந்த பெட்டைக்கு முட்டை வெளியே வராமல் சிக்கிக்கொள்ளும். உடனே வைத்தியம் பார்க்காவிட்டால் செத்தே போகும். அயோடின் குறைந்தால் தைராய்டு வீங்கி மூச்சுத் திணறும்.

"காட்டுல இருக்கும்போது யாரு கொடுத்தா?" என்று சிலர் கேட்பார்கள். இதன் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் வறண்ட பூமி. அங்கே மழை பெய்த இடம் தேடிப் பறந்து, பலவகைப் புல் விதைகளைத் தின்னும். 1840-இல் ஜான் கூல்டு என்பவர் உயிருள்ள பறவைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். பிறகு உலகமெங்கும் கூண்டுக்குள் வந்துவிட்டது. தேடித் தின்ன முடியாமல் அடைத்தது நாம. அப்போ கொடுக்க வேண்டியதும் நாமதானே?

"ஆற்று மணல் போட்டிருக்கேனே" என்பது இன்னொரு பதில். மணலில் பெரும்பகுதி சிலிக்கா. சுண்ணாம்புக்கு அது ஈடாகாது. உமியை உரித்துத் தின்னும் இந்தப் பறவைக்கு மணல் அவசியமும் இல்லை.

வழி ரொம்ப எளிது. கடல் நுரை என்பது கணவாயின் உடம்புக்குள் இருக்கும் ஓடு. நம்ம தாலுகா வேம்பார் கடற்கரையில் தேடலாம், நாட்டு மருந்துக் கடையிலும் கேட்கலாம். இரண்டு மூன்று நாள் நல்ல தண்ணியில், தினமும் தண்ணி மாற்றி ஊற வையுங்க. உப்புப் போனதும் வெயிலில் காய வைத்து, மெதுவான பக்கம் பறவையைப் பார்க்கும்படி கம்பியில் கட்டுங்க. கழுவிய முருங்கைக்கீரை கொஞ்சம் கொடுங்க. காலை வெயிலும் படட்டும், ஒதுங்க நிழலும் இருக்கட்டும். வெயில் பட்டால் சுண்ணாம்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். அயோடினுக்காகச் சமையல் உப்பைக் கரைத்து வைக்காதீங்க, சின்ன உடம்பு தாங்காது. அயோடின் கலந்த மினரல் கட்டி பறவைக் கடையில் கேளுங்க.

பால் மாட்டுக்குத் தாது உப்புக் கலவை வாங்கிப் போடுறோம். பால் தராது என்பதற்காக லவ் பேர்ட்ஸை மறக்கலாமா? யோசியுங்கள் நண்பர்களே!

- 9-ஆம் வகுப்பு மாணவன்